மண் படாத வண்டி

சாரல்பட்டியில் தார்ச்சாலை முடிந்து மண்பாதை தொடங்குகிற இடத்தில், ஒரு இலுப்பை மரத்தடியில், ஆள் உயரத்துக்குக் குவிந்த செம்மண் மேடாக உட்கார்ந்திருக்கிற கருப்பசாமிக்குக் கோயில் கிடையாது, கோபுரம் கிடையாது, திருநீறு குங்குமம் எதுவும் கிடையாது. கும்பிட வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்கு அவரிடம் இருப்பதெல்லாம் அவரேதான், அதாவது ஒரு பிடி மண். மலைமேல் இருக்கிற ஏலத்தோட்டங்களுக்குக் கூலி ஆட்களை ஏற்றிப் போகிற ஜீப்புக்காரர்கள் விடியக்காலையில் அங்கே நிறுத்தி, பூசாரி மொக்கையன் குழைத்துத் தருகிற மண்ணை முன் பம்பரில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் முதல் கியரைப் போடுவார்கள். பூசாமல் போன வண்டி எதுவும் கவிழ்ந்ததாகச் செய்தி இல்லை, ஏனென்றால் பூசாமல் எந்த வண்டியும் போனதே இல்லை. ராசாங்கம் வண்டி வாங்குகிற வரைக்கும் ஊர் வழக்கம் இப்படித்தான் இருந்தது.

ராசாங்கம் ஏலக்காய் வியாபாரி. நல்ல மனுசன், கொடுக்கிற கை, ஆனால் வீம்பு என்று வந்துவிட்டால் சொந்த நிழலோடுகூடப் பேசமாட்டார். அவருக்கு ஒரே தங்கை, அன்னக்கொடி. அவளை மலைமேல் நாவலூத்து என்கிற ஊரில் மாயழகு என்பவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு: பெண் கொடுத்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ முதன்முதலாக வரும்போது, மலைப்பாதைச் சேறெல்லாம் அப்பிய அந்தக் கால்களை அந்தப் பெண்ணே வாசலில் நிறுத்தி, செம்புச் சொம்புத் தண்ணீரால் கழுவிவிட வேண்டும், கழுவினால்தான் அவர் அந்த வீட்டு உறவு, கழுவுகிற வரைக்கும் அவர் வழிப்போக்கன். கல்யாணமான கையோடு ராசாங்கம் ஒரு ஜீப்பை அமர்த்திக்கொண்டு, கரைபோட்ட புது வேட்டியும் பட்டுத் துண்டுமாக நாவலூத்துக்குப் போனார். போன அன்றைக்குப் பார்த்து மழை. மாயழகு வீட்டு வாசல் உழுதுபோட்ட வயலாகக் கிடந்தது. அன்னக்கொடி சொம்போடு நின்றாள். ராசாங்கம் ஜீப்பை விட்டு இறங்காமல், ஒரு பலகை இருந்தால் எடுத்துப் போடச் சொல்லுங்கள் என்றார். எங்க மண்ணுல கால் வைக்கக் கூசுறவரு எங்க சோத்துல எப்படிக் கை வைப்பாரு என்று மாயழகின் அப்பா யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். அவ்வளவுதான், ராசாங்கம் ஜீப்பைத் திருப்பச் சொல்லிவிட்டார். திரும்புகிற ஜீப்பின் பக்கக் கண்ணாடியில், சொம்பு மழையில் நிரம்பி வழிய வழிய அன்னக்கொடி நின்றுகொண்டிருந்ததை அவர் பார்த்தார், பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

ஏழு வருசம் அண்ணனும் தங்கையும் பேசவில்லை. அவள் பிள்ளை பெற்றாள், இவர் போகவில்லை. பிறகு இந்தச் சித்திரைக்கு முந்தி ஒரு மத்தியானம் அன்னக்கொடியே போன் போட்டாள். நலம் விசாரிப்பு ஒன்றும் இல்லை, நேராக விசயத்துக்கு வந்தாள்.

"அண்ணே, தன்ஷிகாவுக்கு அஞ்சு வயசாச்சு. மாமன் மடியிலதேன் காது குத்தணும்னு இம்புட்டு நாளா இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கேன். ஆவணியில நாள் குறிச்சாச்சு. நீ வரலேன்னா இவுக பங்காளி ஒருத்தரு மடியத் தட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு."

ராசாங்கம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டு, கல்லாவுக்குப் பின்னால் போய் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுது முடித்து மூக்கைச் சிந்தியபோது எதிரே டிவியில் அந்த விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளை வண்டி மலை ஏறியது, ஆற்றுக்குள் இறங்கியது, பாலைவனத்தில் பறந்தது, கடைசியில் ஒரு சிகரத்தின் நுனியில் போய் நின்றது. கதவைத் திறந்துகொண்டு கோட்டு போட்ட ஒரு மனிதர் இறங்கி மேகத்தைப் பார்த்தார். அத்தனை சேறும் சகதியும் தாண்டி வந்த அந்த மனிதருடைய பூட்ஸில் ஒரு பொட்டு மண் இல்லை. ராசாங்கத்தின் மனசைக் கொண்டுபோனது அந்த பூட்ஸ்தான். தங்கை வீட்டு வாசலில் ராசா மாதிரிப் போய் இறங்கவும் வேண்டும், காலில் மண்ணும் ஒட்டக் கூடாது, அதற்கென்றே கடவுள் ஒரு வண்டியைச் செய்து வைத்திருக்கிறார் என்று அவர் நம்பிவிட்டார்.

வண்டி வந்தது. சின்ன வீடு அளவுக்கு இருந்தது. சீட்டு முதுகைப் பிடித்துவிட்டது, கூரை தானாகத் திறந்து வானம் காட்டியது, செந்தமிழில் பேசியது, நடுவில் ஒரு குமிழ் இருந்தது, அதைத் திருகினால் மலை, சேறு, மணல், பனி என்று படம் படமாக வந்தது. ராசாங்கத்தோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜீப்புக்காரர் சன்னாசி, வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து அடியில் பார்த்து, சக்கரம் இம்புட்டுப் பெருசு, ரப்பர் மட்டும் வளையல் கனத்துக்கு இருக்கே மாப்ள, இதை வச்சு மலை ஏறப்போறியா இல்ல கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போகப்போறியா என்று கேட்டார். ராசாங்கம், உன் ஓட்டை ஜீப்புக்கு இதெல்லாம் புரியாது, எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்றார்.

வண்டிக்குப் பூசை போடக் கருப்பசாமியிடம் கொண்டுவந்தார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார்கள், சூடம் காட்டினார்கள். கடைசியாக மொக்கையன் குழைத்த மண்ணைக் கையில் அள்ளிக்கொண்டு பம்பரை நோக்கி வந்தபோது ராசாங்கம் குறுக்கே விழுந்து தடுத்தார். முத்து வெள்ளைப் பெயிண்ட், சின்னக் கல் இருந்தாலும் கீறல் விழும், கம்பெனியில் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள், சந்தனம் வேண்டுமானால் ஒரு பிளாஸ்டிக் காகிதத்தில் வைத்து ஒட்டிவிடுங்கள் என்றார். பூசாரி தயங்கினார். ராசாங்கம் மண்மேட்டின் பக்கம் திரும்பி, கையைக் கூப்பி, ஊர் கேட்க வேண்டிக்கொண்டார்.

"சாமி, இந்த வண்டி மேல ஒரு பொட்டு மண்ணு படக்கூடாது. நீதேன் பாத்துக்கணும்."

"வேண்டாம்னா வேண்டாம்," என்றார் மொக்கையன். "சாமி காதுல விழுந்துருச்சு."

சொல்லிவிட்டுக் கையை உதறினார். உதறிய மண் வண்டிக்கு ஒரு சாண் தூரம் வரைக்கும் வந்து, அங்கே வளைந்து, வண்டியைச் சுற்றி வட்டமாகக் கீழே விழுந்தது. அது யார் கண்ணிலும் பெரிதாகப் படவில்லை, ஏனென்றால் எல்லோரும் பூசணிக்காய்ச் சிதறலில் கிடந்த காசைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பூசை முடிந்தது, ராசாங்கம் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று வண்டியைத் தாரிலிருந்து மண்பாதையில் இறக்கினார். இறக்கியதும், பெரிய இடத்து ஆள் வந்தால் கூட்டம் ஒதுங்கி வழிவிடுமே, அப்படி மண் ஒதுங்கியது. அவசரப்படாமல், முணுமுணுக்காமல் இரண்டு பக்கமும் சரிந்து விலகி, சக்கரத்துக்கு அடியில் இருந்த இடத்தைக் காலி பண்ணிக் கொடுத்தது. முன்சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றின. ராசாங்கம் குமிழைச் சேற்றுக்குத் திருகினார், மண் இன்னும் கொஞ்சம் மரியாதையாக விலகியது; மணலுக்குத் திருகினார், இன்னும் விலகியது; மலைக்குத் திருகினார், குழி ஆள் ஆழத்துக்குப் போய்விட்டது; கடைசியில் வேறு வழி தெரியாமல், சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற அந்த நேரத்தில், பனிக்குத் திருகினார். முன்கண்ணாடியைச் சூடாக்கட்டுமா என்று வண்டி இனிமையாகக் கேட்டது. சன்னாசி தன் ஓட்டை ஜீப்பைக் கொண்டுவந்து கயிறு கட்டி வெளியே இழுத்துப் போட்டார். டீக்கடைக்காரர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, எத்தனை டீ என்று கேட்டார்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். மண் ஏன் விலகுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, அது சாமி காரியம், கேட்டு என்ன ஆகப்போகிறது. புது வண்டிகளுக்குக் காடுமேடு ஏறுகிற தெம்பு போய்விட்டதா இல்லையா என்பதுதான் ஜீப் ஸ்டாண்டில் பெரிய வழக்காக ஆகிவிட்டது. அந்தக் காலத்து வண்டிக்கு இரும்பு இருந்தது, இந்தக் காலத்து வண்டிக்கு வாய்தான் இருக்கிறது, தோலைப் பார்த்து மாடு பிடித்த கதை இது என்றது ஒரு கட்சி. வண்டியில் ஒரு குறையும் இல்லை, மண்ணுக்குத்தான் பழைய பிடிமானம் இல்லை, உரத்தைக் கொட்டிக் கொட்டி மண்ணைக் கெடுத்துவிட்டு வண்டியைக் குறை சொன்னால் எப்படி என்றது இன்னொரு கட்சி. ராசாங்கம் இரண்டாவது கட்சிக்கு டீ வாங்கிக்கொடுத்தார். அதனால் அந்தக் கட்சி சாயங்காலத்துக்குள் வளர்ந்துவிட்டது.

கம்பெனிக்குப் புகார் போனது. கழுத்தில் பட்டை கட்டிய ஓர் இளைஞர் வந்தார், வண்டிக்குள் எதையோ சொருகிப் பார்த்தார், வண்டி நலமாக இருப்பதாகச் சொன்னார். தாரை விட்டு இறங்கமாட்டேன் என்கிறதே தம்பி என்று ராசாங்கம் குரல் உடைந்து கேட்டார்.

"சார், இந்த வண்டி வாங்குறவங்க தார் ரோட்டை விட்டு இறங்குறதே இல்ல. மிஞ்சிப்போனா கல்யாண மண்டபத்து வாசல் வரைக்கும் போவாங்க. மலை ஏற முடியும்ங்கிற நினைப்புக்குத்தான் சார் வாங்குறாங்க. அந்த நினைப்புல ஏதாவது கோளாறு இருந்தா சொல்லுங்க, உடனே சரிபண்ணித் தர்றோம்."

ராசாங்கம் யோசித்துப் பார்த்தார். நினைப்பில் ஒரு கோளாறும் இல்லை. சீட்டு முதுகைப் பிடித்துவிடும்போதெல்லாம் அவருக்குச் சிகரமும் மேகமும் அப்படியே கண்ணில் தெரிந்தன. இளைஞர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, போகிறபோது மண் ஒட்டாத வண்டியை நாலு பக்கமும் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் அதே வண்டிக்கு ஒரு புது விளம்பரம் வந்தது, மண் படாமல் இருப்பது இனிமேல் ஒரு வசதி என்று அதில் சொன்னார்கள்.

வசதிதான். அதை முதலில் கண்டுகொண்டவர் சன்னாசி. சாலையோரத் தோட்டக்காரர் ஒருவர் கிணறு வெட்ட ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தார். சன்னாசி ராசாங்கத்தை நைச்சியமாகப் பேசி, வண்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டே பின்பக்கமாகத் தோட்டத்துக்குள் இறக்கினார். மண் எழுந்து ஒதுங்கியது. மாலை டீ நேரத்துக்குள் பாறை தெரிந்தது, பாறை இடுக்கில் தண்ணீர் தெரிந்தது, வண்டியை இழுத்து வெளியே போட்டார்கள், கிணறு தயார். அதற்குப் பிறகு ராசாங்கம் வாசலில் நிற்க இடமில்லை. செப்டிக் டேங்குக்குக் குழி வேண்டும் என்றார்கள், வீட்டுக்கு அஸ்திவாரம் வேண்டும் என்றார்கள், தென்னம்பிள்ளை வைக்க வரிசையாகக் குழி வேண்டும் என்றார்கள். பல வருசமாகத் தூர்வாரிவிட்டதாகப் பலகை மட்டும் வைத்திருந்த சாலையோரக் கண்மாயில் வண்டியை இறக்கியபோது, வண்டல் மொத்தமும் எழுந்து கரைக்கு ஓடியது. உண்மையிலேயே தூர்வாரியாகிவிட்டதால் இனிமேல் எதற்குப் பலகை வைப்பது என்று சம்பந்தப்பட்டவர்களுக்குப் பெரிய கவலை வந்துவிட்டது.

தகராறும் வந்தது. ஒதுங்கிய மண் வேலி பார்க்காமல் அடுத்த தோட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, என் மேல்மண் உன்னிடம் ஓடிவந்துவிட்டது திருப்பிக்கொடு என்று இவர் கேட்க, தானாக வந்ததை நான் ஏன் தரவேண்டும் என்று அவர் கேட்க, ஓடிப்போன பெண்ணைப் பற்றிப் பேசுகிற மாதிரி பஞ்சாயத்து நடந்தது. ஊரில் வசதியான பெரியவர் ஒருவர் இறந்தபோது வெள்ளை வண்டிதான் குழிதோண்ட வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள். மயானத்துக்குப் போகிற சிமெண்ட் பாதையில் வண்டியைக் கொண்டுபோய், ஓரத்தில் இறக்கித் தோண்டினார்கள், நல்ல நீள அகலமான குழி. ஆனால் உறவுக்காரர்கள் கடைசியாக ஒரு பிடி மண் போட வந்தபோது, வண்டி பக்கத்திலேயே நின்றதால் யார் போட்ட மண்ணும் குழிக்குள் விழாமல் போட்டவர் முகத்திலேயே திரும்பி வந்து அடித்தது. பெரியவர் பேரில் கோபம் வைத்திருந்தவர்கள் அன்றைக்கு மனசுக்குள் சிரித்துக்கொண்டார்கள்.

ஆடிப் பொங்கலுக்குப் பட்டிமன்றம் வைத்தார்கள். புது வண்டிகள் மலையேறும் திறமையை இழந்தனவா இல்லையா என்று தலைப்பு. இழந்தன என்ற அணி, பாட்டன் வண்டி ஏறிய பாறையைப் பேரன் வண்டி படத்தில்தான் பார்க்கிறது என்று கையைத் தூக்கிப் பேசியது. இழக்கவில்லை என்ற அணி, திறமை உள்ளேதான் இருக்கிறது, அதைப் பயன்படுத்தாமல் இருப்பதுதான் அந்தஸ்து, பணக்காரர் வீட்டில் அடுப்படி இருக்கிறது, அதற்காக அவர் சமைக்கிறாரா என்று கேட்டுக் கைதட்டு வாங்கியது. வெளியூரிலிருந்து வந்த நடுவர் சோடா குடித்துவிட்டு, வண்டியும் காரணமில்லை, மண்ணும் காரணமில்லை, மனிதனின் மனமே காரணம் என்று, எந்தத் தலைப்புக்கும் அவர் சொல்கிற தீர்ப்பையே இதற்கும் சொல்லிவிட்டுப் போனார். ராசாங்கத்துக்கு மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள்.

போர்த்தினார்களே தவிர அவருக்கு உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது. ஆவணி நெருங்கிக்கொண்டிருந்தது. அன்னக்கொடி மறுபடி போன் போட்டு, வாசல் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டேன் என்று சொன்னபோது, இவர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஜீப்பில் வருகிறேன் ஆத்தா என்று சொல்லியிருக்கலாம், நடந்தாவது வருகிறேன் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். என் சொந்த வண்டியில்தான் வருவேன், உன் வாசலில்தான் வந்து இறங்குவேன், நாவலூத்துக்காரர்கள் வாயைப் பிளக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பொன்னாடை போர்த்திய தோள் வேறு என்ன சொல்லும். அவர் மனைவி வீருசின்னம்மாள் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உங்கள் தங்கச்சி கேட்டது அண்ணனை, வண்டியை இல்லை என்றாள். வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

ராசாங்கம் வெட்கத்தை விட்டு மொக்கையனிடம் போனார். சாமி மண்ணை இப்போது பூசிவிடுங்கள், கீறல் விழுந்தாலும் பரவாயில்லை என்றார். பூசாரி மண்ணைக் குழைத்துக்கொண்டு பம்பர் பக்கம் போனார்; மண் அவர் உள்ளங்கையிலிருந்து எகிறிக் குதித்து மேட்டுக்கே திரும்பிப் போனது. மூன்று தரம் போனார், மூன்று தரமும் அப்படித்தான். மொக்கையன் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வாக்கு வண்டி பேர்ல சொன்னது. வண்டி இருக்கிற மட்டும் இருக்கும். அதுக்குள்ள நீங்க ஏறி உக்காந்துக்கிட்டா நான் என்னங்க பண்றது?"

அப்போதுதான் சன்னாசி அந்த யோசனையைச் சொன்னார். மண்தானே படக்கூடாது, துணி படலாம் இல்லையா? கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு விரிக்கிற சிவப்புக் கம்பளத்தைப் பாதையில் விரிப்போம், அதன்மேல் வண்டி போகட்டும், தாண்டிய கம்பளத்தைச் சுருட்டி முன்னால் கொண்டுபோய் மறுபடி விரிப்போம், இப்படியே நாவலூத்து வரைக்கும் போய்விடலாம். சுற்றுவட்டாரத்து மண்டபங்கள் அத்தனையிலிருந்தும் கம்பளம் வந்தது. சோதித்துப் பார்த்தார்கள். கம்பளத்துக்கு அடியில் இருந்த மண், தன்மேல் வண்டி படவில்லை என்பதால், பேசாமல் கிடந்தது. ராசாங்கம் சன்னாசியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

காதுகுத்து அன்றைக்குக் காலையில் ஊர்வலம் கிளம்பியது. முன்னால் தவுலும் நாகசுரமும், அதற்குப் பின்னால் கம்பளம் விரிக்கிற ஆட்கள், அதற்குப் பின்னால் சிவப்புக் கம்பளத்தில் ஆமை வேகத்தில் வெள்ளை வண்டி, வண்டிக்குள் பட்டு வேட்டியும் மேடையில் போர்த்திய பொன்னாடையுமாக ராசாங்கம், வண்டிக்குப் பின்னால் கம்பளம் சுருட்டுகிற ஆட்கள், அதற்கும் பின்னால் தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு சன்னாசி ஓட்டுகிற ஜீப். தோட்டத்துப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வரிசையாக நின்று பார்த்தார்கள், மந்திரி வருகிறாரா என்று ஒருத்தி கேட்டாள், இல்லை, மண்ணுக்கு ஆகாதவர் வருகிறார் என்று இன்னொருத்தி சொன்னாள். பாதி மலை வரைக்கும் எல்லாம் நன்றாகவே நடந்தது. நேரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. வீருசின்னம்மாள் ஜீப்பை விட்டு இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினாள். நீங்கள் வண்டியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் சீரைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டு, தட்டுகளைப் பெண்கள் தலையில் ஏற்றி, ஜீப்பில் வந்தவர்களைத் திரட்டிக்கொண்டு, குறுக்குப் பாதையில் விறுவிறுவென்று ஏறிப் போய்விட்டாள். நாகசுரக்காரரும் அவள் பின்னாலேயே போய்விட்டார், பந்தி அங்கேதான் என்பதால்.

நாவலூத்துக்குக் கீழே கடைசி வளைவுக்கு வந்தபோது மழை பிடித்தது. மலை மழை, சொல்லிக்கொள்ளாமல் வருகிற மழை. கம்பளம் நனைந்தது, நனைந்த கம்பளத்தின் நூல் இடுக்கில் அடியிலிருந்த சேறு மெல்ல மெல்ல ஊறி மேலே வந்தது, வந்து எட்டிப்பார்த்தபோது தலைக்கு நேர்மேலே நிற்பது எந்த வண்டி என்பது சேற்றுக்குத் தெரிந்துவிட்டது. ஐயோ பட்டுவிடப் போகிறோமே என்று பதறிய மாதிரி, அந்த வளைவில் இருந்த மண் மொத்தமும் ஒரே நேரத்தில் விலகி ஓடியது. கம்பளத்தோடு வண்டி உள்ளே இறங்கியது. இறங்க இறங்க மண் இன்னும் ஒதுங்கியது, பாறையில் போய்த்தான் வண்டி உட்கார்ந்தது. சுற்றிலும் வீட்டு உயரத்துக்கு மண்சுவர். பிற்பாடு அந்தக் குழியில் மழை நின்று அது ஊருணியாகி, கோடையிலும் வற்றாத ஊருணியாகி, நாவலூத்துக்காரர்கள் அதற்கு ராசாங்கம் ஊருணி என்றே பேர் வைத்துக் குடிக்கத் தண்ணீர் எடுத்தார்கள். நடுவில் வண்டி முத்து வெள்ளையாக நிற்கும், எவ்வளவு கலங்கிய தண்ணீரும் வண்டியைச் சுற்றி மட்டும் தெளிந்தே இருக்கும். அது பிறகு வந்த பெருமை. அன்றைக்கு அந்த நேரத்தில் அது ஒரு குழி, அதற்குள் ஒரு மனிதர், அவ்வளவுதான்.

ராசாங்கம் சீட்டில் சாய்ந்து கிடந்தார். சீட்டு அவர் முதுகைப் பிடித்துவிட்டது. பாதை காணப்படவில்லை, அருகிலுள்ள சாலைக்குத் திரும்பவும் என்று வண்டி செந்தமிழில் சொன்னது. போன் அடித்தது. அன்னக்கொடிதான்.

"அண்ணே, சீரு வந்துருச்சு, மதினி வந்துட்டாக. ஆசாரி ஊசியத் தீயில காட்டிக்கிட்டு இருக்காரு. நீ எங்க இருக்க?"

"வண்டிக்குள்ள இருக்கேன் ஆத்தா."

 அவள் குரல் தணிந்து, கோபமே இல்லாமல் வந்தது.

"அன்னைக்கும் அதுக்குள்ளதேன் இருந்த."

போனை வைத்துவிட்டாள்.  ராசாங்கம் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். அதில் மண்சுவர்தான் தெரிந்தது, ஆனால் அவருக்கு அதில் வேறு ஒன்று தெரிந்தது, மழையில் நிரம்பி வழிகிற சொம்பும் அதைப் பிடித்திருக்கிற இரண்டு கையும். பலகை எதற்குக் கேட்டேன், ஒரு காலை எடுத்துக் கீழே வைத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும், இந்தப் பாழாய்ப்போன வேட்டி நாலு தரம் துவைத்தால் வெளுக்காதா என்று வாய்விட்டே கேட்டுக்கொண்டார். வாகனம் தூய்மையாக உள்ளது என்றது வண்டி. வாயை மூடு என்றார் ராசாங்கம். கூரையைத் திறந்தார், சீட்டின்மேல் ஏறினார், சீட்டு அப்போதும் அவர் பாதத்தைப் பிடித்துவிட்டது. வண்டியின் மண்டைமேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தார். குழியின் விளிம்பு ஒரு தாவல் தூரத்தில் இருந்தது.

அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது. வண்டிக்கு விலகிய மண் எனக்கும் விலகிவிட்டால்? ஏழு வருசமாக ஏலக்காய் மூட்டைக்கும் தார்ச்சாலைக்கும் நடுவிலேயே வாழ்ந்துவிட்டேன், மண்ணுக்கு என்னை நினைவிருக்குமா? மேலே நின்றிருந்த சன்னாசி கையை நீட்டினார். கருப்பா, வேண்டாம்னு சொன்னது வண்டிக்குத்தான், எனக்கு வேணும் என்று கத்திக்கொண்டே ராசாங்கம் தாவினார்.

மண் விலகவில்லை. முழங்கால் வரைக்கும் உள்ளே வாங்கி, இறுக்கிப் பிடித்துக்கொண்டது. இவ்வளவு நாளாக எங்கே போயிருந்தாய் என்று கேட்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டது. ஒரு காலை உருவினால் செருப்பு உள்ளேயே போனது, இன்னொரு காலை உருவினால் ஆளே குப்புற விழுந்தார். சன்னாசி தூக்கி நிறுத்தி, ஊர்ச்சொலவடையில் ஒட்டாது என்பார்கள் மாப்ள, உனக்கு மீசை முழுக்க ஒட்டியிருக்கிறது என்றார். ராசாங்கம் சிரித்தார், அழுதார், இரண்டும் மழையில் ஒன்றாகப் போனது. எழுந்து ஓடினார். விழுந்தார், ஓடினார். பட்டு வேட்டி செங்காவியாகி, பொன்னாடை எங்கேயோ முள்ளில் மாட்டி, மூச்சு வாங்க வாங்க, நாவலூத்தின் முதல் வீட்டை அவர் பார்த்தபோது நாகசுரம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

மாயழகு வீட்டு வாசலில் கூட்டம். பங்காளிக்காரர் மடியை விரித்து உட்கார்ந்துவிட்டார், தன்ஷிகா உட்காரமாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள். தலையிலிருந்து கால் வரைக்கும் செம்மண்ணாக ஓர் உருவம் வாசலில் வந்து நின்றதும் நாகசுரம் நின்றது, சில பேர் கருப்பசாமியே இறங்கி வந்துவிட்டார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், பங்காளிக்காரர் தன்னை அறியாமல் எழுந்து இடம் விட்டார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, இது யாரும்மா என்று கேட்டாள்.

அன்னக்கொடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு சொம்போடு வந்தாள். அண்ணனை மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரு தரம் பார்த்தாள். வண்டி எங்கே என்று கேட்கவில்லை.

"கழுவுறதுக்கு இன்னைக்காவது ஏதோ கொண்டுவந்தியே அண்ணே."

குனிந்து தண்ணீரை ஊற்றினாள். ராசாங்கத்தின் வலது பாதத்தில் சேறு அடை அடையாக அப்பியிருந்தது, சொம்புத் தண்ணீர் போதவில்லை, மாயழகு இன்னொரு குடம் கொண்டுவந்தார், வீருசின்னம்மாள் ஒரு குடம் கொண்டுவந்தாள், அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு குடம் கொண்டுவந்தார்கள். யாரையும் தொடவிடாமல் அவளே தேய்த்தாள். விரல் இடுக்கில், நகக்கண்ணில், குதிகாலில், ஒரு இடம் பாக்கி விடாமல் தேய்த்தாள். ராசாங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு, மழையில் நனைந்த கோழியாக, வெட்கமில்லாமல் தேம்பிக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து ஆசாரி, நல்ல நேரம் போகுதும்மா என்று குரல் கொடுத்தார்.

"அது ஏழு வருசமாப் போய்க்கிட்டுதேன் இருந்துச்சு," என்றாள் அன்னக்கொடி, தலையைத் தூக்காமல். "இருக்கச் சொல்லுங்க. இன்னும் ஒரு காலு பாக்கி இருக்கு."

ராசாங்கம் இடது காலை எடுத்து முன்னால் வைத்தார்.